இறுப்பிட்டியில நாளாந்தம் நிலம் நடுங்கின கதை

எனக்கு வயசு இருபத்தெட்டு. நான் இளைப்பாறின ஆள். சிரிக்கிறவை சிரிச்சு முடியுங்கோ, நான் நிண்டு கொள்ளுறன்.

இளைப்பாறினது எண்டா, நானா விட்டதில்லை. நான் பாத்த வேலைக்கு இப்ப டிகிரி வேணுமாம். நான் ஓ.எல் சோதினையில கணிதத்துக்கு ரெண்டு தரம் டபிள்யூ எடுத்துப் பெயிலானவன். மூண்டாந்தரமும் எடுக்கப் போகேக்கை வாத்தியாரே, "தம்பி, அந்தக் கதிரையை வேற ஆருக்கும் விடுமன்" எண்டவர். அப்பிடியான நான் தீவுப்பக்கம் முழுக்க நிலநடுக்கம் அளக்கிற கருவி பூட்டித் திரிஞ்சனான் எண்டால், அது நாட்டின்ர குறை, என்ர குறை இல்லை. இப்ப வேலணையில தண்ணி மோட்டர் திருத்துறன்.

போன மாசம் கடைக்கு முன்னால ஒரு வாகனம் வந்து நிண்டது. மூண்டு பேர் இறங்கிச்சினம். எல்லாம் டிகிரி முடிச்ச பிள்ளையள், சப்பாத்து இன்னும் வெள்ளை. என்ர இடத்துக்கு வந்த ஆக்களாம். "அண்ணை, எங்கட அலுவலக மலருக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோவன்" எண்டு கேட்டிச்சினம்.

"எத்தினை பக்கம்?"

"உங்கட விருப்பம் அண்ணை."

விருப்பம் எண்டு சொன்னது அவையின்ர பிழை. இனி வாசிச்சுத்தான் ஆகவேணும்.

பயிற்சியைப் பற்றிப் பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை. கொழும்பில நடந்தது. இங்கிலீசில படிப்பிச்சினம், சிங்களத்தில பகிடி விட்டினம், நான் தமிழில நித்திரை கொண்டனான். சோறு நல்லம். கடைசி நாள் ஒரு பத்திரம் தந்து, "நீர் இனிக் களத்தில வேலை செய்யலாம்" எண்டிச்சினம். களம் எண்டா எங்கட ஆக்களுக்கு நெல்லு அடிக்கிற இடம். அம்மா ஊரெல்லாம் "பொடியன் எஞ்சினியர்" எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவ. நானும் மறுக்கேல்லை. தாய் சொல்லை மறுக்கிற ஆளே நான்?

உண்மையான படிப்பு தர்மினி மிஸ்ஸிட்டத் தான். அவ தான் எங்கட வட பகுதிக்குப் பொறுப்பான எஞ்சினியர். மெல்லிசான ஆள், ஆனா தலையில ஒரு தொப்பி போடுவா, அதுக்குக் கீழ நாலு பேர் மழைக்கு ஒதுங்கலாம். மிஸ் ஏசமாட்டா. ஏசினால் பரவாயில்லை, திருப்பி ஏதும் முணுமுணுக்கலாம். அவ நீங்கள் செய்த வேலையைப் பாப்பா, "ம்ம்" எண்டுவா, நட்டு முறுக்கிற சாவியைத் திருப்பி உங்கட கையில வைப்பா. அவ்வளவு தான். நீங்கள் திரும்பக் கழட்டி, திரும்பப் பூட்டவேணும். "கிட்டத்தட்ட" எண்ட சொல்லு அவவுக்கு முன்னால வாயில வரப்படாது.

"மட்டம் சரியே தினேஸ்?"

"ஓம் மிஸ், கிட்டத்தட்ட."

"ம்ம்."

சாவி திரும்பக் கைக்கு வந்திடும்.

புதுப் பிள்ளையளுக்காக இந்தப் பூட்டுற முறையை வடிவா எழுதுறன். புத்தகத்திலயும் இருக்குது, ஆனா புத்தகத்தில வேர்வை இல்லை.

முதல்ல குழி. தீவில மண் எண்டு ஒண்டு பேருக்குத் தான் இருக்குது. ரெண்டு தரம் மண்வெட்டி போட்டால் சுண்ணாம்புக்கல்லு "டங்" எண்டு சத்தம் போடும். அதை உளியால கொத்திக் கொத்தி இறங்கவேணும். அடியில சீமெந்து மேடை. மேடைக்கு மேல ஒரு கருங்கல்லு ஓடு. அந்த ஓட்டில தான் கருவி குந்தும். கருவி ஒரு சின்னச் சோத்துப் பானை அளவு, ஆனா அதின்ர விலையைச் சொல்லித் தான் மிஸ் என்னட்டைத் தந்தவ. அதுக்குப் பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நடக்கேக்கை நான் மூச்சு விட்டதே இல்லை.

பிறகு வடக்குப் பாக்கிறது. கருவியில ஒரு அம்புக்குறி இருக்குது, அது சரியான வடக்கைப் பாக்கவேணும். திசைகாட்டி எடுக்க முதல் இடுப்புப் பட்டி, போன், திறப்புக்கோர்வை எல்லாத்தையும் கழட்டித் தூர வைக்கவேணும். இரும்பு கிட்ட இருந்தால் ஊசி பொய் சொல்லும். முதல் நாள் நான் பட்டியைக் கழட்டினனான், காற்சட்டை இறங்கிப் போச்சு. ஒரு கையால காற்சட்டையையும் மற்றக் கையால திசைகாட்டியையும் பிடிச்சுக்கொண்டு நான் வடக்கைத் தேடினனான். மிஸ் மற்றப் பக்கம் திரும்பிக் கடலைப் பாத்தவ. தோள் ரெண்டும் ஆடினதைக் கண்டனான்.

பிறகு கருவியின்ர மூண்டு காலையும் திருகி, மட்டம் காட்டுற குமிழியை நடுவில கொண்டு வந்து நிப்பாட்டவேணும். கருவிக்குள்ள ஒரு பாரம் தொங்குது, கொண்டு வரேக்கை அது ஆடாமல் பூட்டி வைச்சிருக்கும். கடைசியா அந்தப் பூட்டைத் திறக்கிறது. திறந்தாப் பிறகு அது மூச்சுக்கும் ஆடும். சூடு படாமல் ரெஜிபோம் எண்ட வெள்ளை நுரைப் பெட்டியால மூடி, சுத்தி மண்மூட்டை அடுக்கி, மேல இரும்பு மூடி. எல்லாம் முடிய, தள்ளி நிண்டு ஒருக்கா நிலத்தில குதிக்கிறது. கணினியில கோடு துள்ளினால் கருவி உயிரோட இருக்குது எண்டு அர்த்தம். குதிக்கிற வேலை முழுக்க என்னட்டைத் தான். படிப்பில்லாதவனுக்கும் ஒரு திறமை இருக்குமே.

இனி விசயத்துக்கு வாறன்.

புங்குடுதீவில இறுப்பிட்டியில ஒரு நிலையம் போடவேணும் எண்டு மிஸ் கனகாலம் கொழும்போட வாதாடினவ. தீவில ஒரு கருவி இருந்தால் தான், கடலுக்கடியில வாற சின்ன நடுக்கம் எந்தப் பக்கத்தால வருது எண்டு சொல்லேலுமாம். கொழும்பில எல்லாருக்கும் மேல இருந்தவர் பேரம்பலம் சேர். அவருக்கு இது விருப்பமில்லை. "தீவெண்டால் அலையடிக்கும், காத்தடிக்கும். வன்னியில கருங்கல்லுப் பாறை இருக்கேக்கை ஏன் அங்க போய் மாயுறியள்?" எண்டு கேட்டவர். கடைசியில ஒரு மாதிரி ஓம் எண்டு, ஒரு நிபந்தனை போட்டார்: கொஞ்சக் காலம் ஓடவிட்டுப் பாக்கிறது, கோடு அமைதியா இருந்தால் நிலையம் நிக்கும், இல்லாட்டித் தூக்கி வன்னிக்குக் கொண்டு போறது.

எங்களுக்குக் கிடைச்ச வளவு கனடாவில இருக்கிற ஒரு ஆளின்ர. வீடு கூரையில்லாமல் நிக்குது, ஆனா கிணறு இருக்குது. அந்தப் பக்கத்தில உப்பில்லாத தண்ணி அந்த ஒரு கிணத்தில தான். நாங்கள் குழி வெட்டி, மேடை போட்டு, மேடையோட சேத்து ஒரு சீமெந்துத் தூணும் கட்டி, அதில சூரியத் தகடு பூட்டினம். எல்லாம் கொழும்பில இருந்து வந்த வரைபடத்தின்ர படி. வரைபடம் கீறினவர் பேரம்பலம் சேரே தான். நான் குதிச்சனான், கோடு துள்ளினது, மிஸ் "நல்லது" எண்டவ. அந்தச் சொல்லை அவ வருசத்துக்கு ஒருக்காத் தான் எடுப்பா.

ரெண்டு கிழமை போகேல்லை, கொழும்பில இருந்து போன்.

"தர்மினி, உங்கட தீவில என்ன நடக்குது? ஒவ்வொரு நாளும் காலமையும் பின்னேரமும் நிலம் நடுங்குது!"

மிஸ் கோட்டை எடுத்துப் பாத்தவ. உண்மை தான். வெயில் ஏறேக்கை ஒருக்கா, சாயேக்கை ஒருக்கா. கொஞ்ச நேரம் உழக்கும், நிக்கும், திரும்ப உழக்கும். நிலநடுக்கம் இப்பிடி நேரசூசி போட்டு வராது.

"பஸ்ஸாயிருக்குமோ மிஸ்?" எண்டு கேட்டனான்.

மிஸ் பஸ் வாற நேரத்தையும் கோட்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தவ. "பஸ் நேரத்துக்கு வாறேல்லை தினேஸ். இது நேரத்துக்கு வருது. அப்ப பஸ் இல்லை."

மா அரைக்கிற மில்லோ எண்டு பாத்தம். மில் பழுதாகி மாசக்கணக்கு. கோயில் மணியோ எண்டு பாத்தம். ஐயர் ஊரில இல்லை. நான், "நிலத்துக்குக் கீழ ஆரோ வாடகைக்கு இருக்கினம் போல" எண்டனான். மிஸ் "ம்ம்" எண்டவ.

இதில பெரிய கரைச்சல் என்னெண்டால், நாங்கள் மோட்டச்சைக்கிளில போய் நிக்கிற நாளில ஒண்டும் நடுங்காது. நாங்கள் திரும்பி வர, நடுங்கும். கொழும்பில ஒராள், "உங்கட தினேஸ் தான் அங்க இருந்து குதிக்கிறானோ?" எண்டு கேட்டதாம். ஒரு மனுசன் திறமையா இருந்தால் உலகம் விடாது.

மிஸ் யோசிச்சுப் போட்டு, "நாங்கள் போறது அதுக்குத் தெரியுது. தெரியாமல் போவம்" எண்டவ. விடியக் காலமை சைக்கிளைத் தூரத்தில விட்டிட்டு நடந்து போய், கூரையில்லாத வீட்டுக்குள்ள யன்னலுக்குக் கீழ குந்தியிருந்தம். மிஸ்ஸின்ர மடியில கணினி. நான் தொப்பிக்குக் கீழ.

வெயில் ஏறினது. கிணத்தடியில வாளி விழுகிற சத்தம். ஒரு மனுசி தண்ணி அள்ளித் தொட்டியில ஊத்துறா. ஐம்பது வயசிருக்கும், சட்டைக்கு மேல ஒரு பழைய சேட்டு, தலையில துவாய். பிறகு தான் தெரியும், மங்கை அக்கா. ஒடியலும் கிழங்கும் விக்கிறவ. தொட்டி நிறைய, பனங்காணிக்குள்ளால மாடுகள் வரத் தொடங்கிச்சுது. எலும்பு எண்ணலாம், அப்பிடிக் கோடை. சொந்தக்காரர் எல்லாம் வெளிநாட்டில, மாடு இஞ்சை. ஆக்களின்ர வாசம் பட்டாலே ஓடுற மாடுகள், மங்கை அக்காவுக்கு மட்டும் நிண்டிச்சுது. வந்து குடிச்சிச்சுது. குடிச்சு முடிச்சு, எல்லாத்துக்கும் முதல் ஒரு கிழட்டு ஒற்றைக்கொம்பன் எங்கட தூணடிக்கு வந்து, வடிவாச் சாய்ஞ்சு, முதுகைத் தேய்க்கத் தொடங்கினது.

மிஸ்ஸின்ர மடியில கோடு எழும்பிக் கூத்தாடினது.

ஒற்றைக்கொம்பன் முடிய அடுத்தது. அது முடிய அடுத்தது. வரிசை குழம்பாமல், கூப்பன் கடையில நிக்கிற மாதிரி.

நாங்கள் வெளியில வர மாடெல்லாம் சிதறி ஓடிச்சுது. மங்கை அக்கா வாளியோட திரும்பினவ. "ஆரது? ஓ, கல்லு நட்ட பிள்ளையளே! உங்களைக் கண்டு ஒரு வார்த்தை சொல்லவேணும் எண்டு இருந்தனான். நல்ல காரியம் செய்தியள்."

"என்ன அக்கா காரியம்?"

"ஏன், ஆவுரோஞ்சிக் கல்லு!"

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். எங்கட பக்கத்தில தண்ணித் தொட்டிக்குக் கிட்ட ஒரு கல்லை நட்டு விடுவினம். மாடு தண்ணியைக் குடிச்சிட்டு அதில உரஞ்சி உடம்புத் தினவைத் தீர்க்கும். அது தான் ஆவுரோஞ்சிக் கல்லு. செத்த ஆக்களின்ர பேரில, புண்ணியத்துக்கு நடுறது. எங்கட சீமெந்துத் தூணை மனுசி அப்பிடித் தான் விளங்கினது.

"முந்தித் தொட்டி அங்கால, வேலிப் பக்கம் கிடந்தது" எண்டவ மங்கை அக்கா. "நீங்கள் கல்லை நட்டுட்டுப் போட்டியள். தண்ணியில்லாமல் தனிக்கல்லு என்னத்துக்கு எண்டு நான் தான் தொட்டியை இஞ்சால கொண்டு வந்து கட்டினனான். என்ன, பிள்ளை முகம் கறுக்குது?"

மிஸ் திரும்பி வரேக்கை வேலணை தாண்டினாப் பிறகு, "வரைபடத்தில இருக்கிற படி தான் கட்டினம் தினேஸ். கீறினவர் மாட்டைக் கீறேல்லை" எண்டவ.

முதல்ல முள்ளுக்கம்பி அடிச்சம். மிஸ்ஸின்ர முடிவு அது. நான் தான் இழுத்துக் கட்டினனான், இறுக்கமா, கிட்டத்தட்ட இல்லாமல். அடுத்த நாள் ஒற்றைக்கொம்பன் கம்பியையும் கட்டையையும் சேத்து இழுத்துக்கொண்டு போயிட்டுது, பின்னால வந்த நாம்பன் கண்டுக்குட்டி ஒண்டுக்குத் தொடையில நீளமாக் கிழிஞ்சு போச்சு. நான் போகேக்கை மங்கை அக்கா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுப் பூசிக்கொண்டு நிண்டவ.

"வாடா எஞ்சினியர்! வா! வாயில்லாச் சீவனுக்கு முள்ளுக்கம்பி கட்டினவன் நீதானே? உனக்கு முதுகு கடிச்சால் என்ன செய்வாய்?"

"சொறிவன் அக்கா."

"உனக்குக் கை இருக்குது, சொறிவாய். அதுக்குக் கையிருக்கே? சொல்லடா! கையிருக்கே?"

மிச்சம் நிண்ட கம்பியையும் கழட்டிக்கொண்டு வந்திட்டன்.

கொழும்பில இருந்து பேரம்பலம் சேர் அடுத்த கட்டளை போட்டவர். மிஸ் போனை மேசையில வைச்சு எனக்கும் கேக்க விட்டவ.

"தொட்டியை உடைச்சு எடுக்கச் சொல்லுங்கோ. தண்ணி இல்லாட்டி மாடு வராது."

"சேர், அந்தப் பக்கத்தில நல்ல தண்ணி அந்தக் கிணத்தில மட்டும் தான். கோடை முடிய முதல் மாடுகள் செத்துப்போகும்."

"அது எங்கட வேலை இல்லை, தர்மினி. நான் வந்து பாப்பன். அதுக்குள்ள கோடு அமைதியா இருக்கவேணும். இல்லாட்டி நிலையம் வன்னிக்குப் போகுது."

தொட்டியை உடைச்சால் நிலையம் நிக்கும், மாடு நிக்காது. உடைக்காட்டி மாடு நிக்கும், நிலையம் நிக்காது. மிஸ் பின்னேரம் மங்கை அக்காவுக்கு விசயத்தைச் சொல்லவெண்டு வெளிக்கிட்டவ, நானும் போனனான். தொட்டியடியில போய் நிண்டம். அந்தக் காயம்பட்ட கண்டு நொண்டி நொண்டி வந்து தண்ணிக்குள்ள மூஞ்சையை வைச்சது. எடுக்கவே இல்லை. உறிஞ்சிற சத்தம் மட்டும் கேட்டது. மிஸ் அதையே பாத்துக்கொண்டு நிண்டவ. மங்கை அக்கா, "என்ன பிள்ளை, என்னவோ சொல்ல வந்தனீர்?" எண்டு கேக்க, "ஒண்டுமில்லை அக்கா" எண்டிட்டு வந்திட்டா.

வழியில சைக்கிளை நிப்பாட்டச் சொன்னவ.

"தினேஸ், மாடுகளுக்கு அந்தத் தூண் பிடிச்சுப் போச்சு. என்ன?"

"ஓம் மிஸ். கோயில் மாதிரி."

"அப்ப தூணை மாடுகளுக்குக் குடுப்பம்."

கேக்கச் சின்ன விசயம். தூணை மேடையில இருந்து அறுத்து எடுத்து, வளவின்ர அந்தத் தொங்கலில, கருவியில இருந்து எவ்வளவு தள்ளி வைக்கேலுமோ அவ்வளவு தூரத்தில நடுறது. தொட்டியையும் அங்க கட்டுறது. கிணத்தில இருந்து ஒரு குழாய். சூரியத் தகட்டுக்கு வேற இரும்புக் கால். ஆனா அறுக்கிற அதிர்ச்சியில கருவி கெடும், அதனால முதல்ல கருவியைப் பூட்டி வெளியில எடுக்கவேணும். எல்லாம் முடியத் திரும்ப வடக்கு, திரும்ப மட்டம், திரும்ப ரெஜிபோம், திரும்பக் காற்சட்டை. அதோட அரசாங்கச் சொத்தான தூணை மாட்டுக்குக் குடுக்கிறதுக்குக் கொழும்பு ஓம் எண்டாது. மிஸ் கேக்கவும் இல்லை.

அதைவிடப் பெரிய மலை மங்கை அக்கா. கம்பிக்குப் பிறகு எங்களைக் கண்டாலே வாளியைத் தூக்கிற ஆள். "என்ர தொட்டியில கை வைச்சுப் பாரடா!" எண்டு நிண்டவ. மிஸ்ஸுக்கு உண்மை மட்டும் தான் சொல்லத் தெரியும். இப்பிடியான இடத்தில தான் என்னை மாதிரி ஆக்களின்ர தேவை வாறது.

"அக்கா, இது எங்கட முடிவில்லை. கொழும்பில பேரம்பலம் சேர் எண்டு பெரியவர். ஆரோ ஒருத்தர் தொட்டியை உடைக்கச் சொன்னதாம். சேர் கேள்விப்பட்டுத் துடிச்சுப் போனவர். 'வாயில்லாச் சீவனுக்குத் தண்ணியும் வேணும், கல்லும் வேணும், நிழல் பாத்து நல்ல இடத்தில வைச்சுக் குடுங்கோ' எண்டவர்."

மிஸ் என்னைப் பாத்த பார்வையில முட்டை பொரிக்கலாம். மங்கை அக்கா வாளியைக் கீழ வைச்சவ.

"அப்பிடியே சொன்னவர்?"

"கண்ணும் கலங்கினது எண்டு கேள்வி."

"அப்ப கல்லில அவரின்ர பேரைப் போடவேணும். பேரில்லாத கல்லில புண்ணியம் ஆருக்குப் போய்ச் சேரும்?"

நான் மிஸ்ஸைப் பாத்தனான். மிஸ் கிணத்துக்குள்ள பாத்தவ. "போடுவம் அக்கா" எண்டனான்.

ஒரு ட்ரக்டர் பிடிச்சுத் தூணைக் கொண்டுபோய் நட்டம். கருவியைத் திரும்ப இருத்தினம். அடுத்த நாள் பழையபடி யன்னலுக்குக் கீழ நானும் மிஸ்ஸும் கணினியும். மாடுகள் வந்து புதுத் தொட்டியில குடிச்சிச்சுது. ஒற்றைக்கொம்பன் குடிச்சு முடிச்சிட்டு நேர பழைய இடத்துக்கு நடந்தது. தூண் இல்லை. நிண்டு அந்த வெறும் இடத்தைப் பாத்தது. மிஸ் மூச்சு விடேல்லை. கிழவன் எங்கட இரும்புக் காலை ஒருக்கா மணந்து பாத்தது. "வேண்டாமடா ராசா" எண்டு நான் முணுமுணுத்தனான். வெயிலில கொதிச்ச இரும்பு போல, தலையை உதறிப் போட்டுத் திரும்பி, அந்தத் தொங்கலுக்குப் போய், தன்ர தூணைக் கண்டுபிடிச்சு, சாய்ஞ்சது.

கோடு நித்திரை கொண்டது. எங்கயோ ஒரு மூலையில கொஞ்சம் சிலிர்த்தது, அவ்வளவு தான்.

மிஸ் தொப்பியைக் கழட்டி என்ர தலையில வைச்சவ. "நல்லது" எண்டும் சொல்லேல்லை. தொப்பி வைச்சது அதைவிடப் பெரிசு.

பேர் எழுதிறதுக்கு வேலணையில கடைகளுக்குப் பேர்ப்பலகை எழுதிற போட்காரனுக்குப் போன் எடுத்துச் சொன்னனான். "இ. பேரம்பலம் எண்டு எழுதுங்கோ அண்ணை, ஆவுரோஞ்சிக் கல்லு" எண்டனான். "விளங்கிச்சுது தம்பி, நான் பாத்துச் செய்யிறன்" எண்டவர். பாத்துச் செய்தவர்.

பேரம்பலம் சேர் வாற நாள் நான் வேளைக்கே போனனான். தூணைப் பாத்தனான். கறுப்பு எழுத்து, சுத்தி மஞ்சள் கரை, பக்கத்தில ஒரு குத்துவிளக்குப் படம்.

"அமரர் இ. பேரம்பலம் ஞாபகார்த்தமாக."

இப்பிடியான கல்லை உயிரோட இருக்கிற ஆளுக்கு ஆர் நடுறது? போட்காரன் கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கீழ ஒரு சிட்டி விளக்கும் எரியுது, அது மங்கை அக்கா. மைச் சாயம் காய்ஞ்சு போச்சு, தேய்க்க ஒண்டும் கையில இல்லை. ஓடிப்போய்க் கோயிலடியில ஒரு பூமாலை வாங்கிக்கொண்டு வந்து "அமரர்" மேல ஒரு சுத்து, "ஞாபகார்த்தமாக" மேல ஒரு சுத்துச் சுத்தினனான். இப்ப பேர் மட்டும் தான் தெரியுது. மாலை போட, இன்னும் செத்த வீடு மாதிரித் தான் இருந்தது, ஆனா யோசிக்க நேரமில்லை. வாகனம் வந்திட்டுது.

பேரம்பலம் சேர் நல்ல பருமன், வெள்ளைச் சேட்டு, சட்டைப் பையில மூண்டு பேனை. குழியைத் திறக்கச் சொன்னவர், குமிழியைப் பாத்தவர், வடக்கைப் பாத்தவர். மிஸ்ஸின்ர கணினியில நாள் நாளாக் கோட்டைப் புரட்டினவர். எங்க பிழை கண்டுபிடிக்கலாம் எண்டு தேடின ஆளுக்கு ஒண்டும் அகப்படேல்லை. "இது என்ன சின்னச் சிலிர்ப்பு?" எண்டு கேக்க, மிஸ், "மாடு சேர். தூரத்தில. தெரிஞ்ச காரணம், கணக்கில கழிக்கலாம்" எண்டவ.

"மாடு இன்னும் வருதே? தொட்டி உடைக்கேல்லையே?"

மிஸ் பொய் சொல்லமாட்டா எண்டு சொன்னனான் தானே. "இல்லை சேர். அங்கால மாத்தினாங்கள்."

"எங்க?"

அவர் நடக்க, நாங்கள் பின்னால ஓட, தூணடிக்குப் போனால், ஒற்றைக்கொம்பன் எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது. வாயின்ர ஓரத்தில கடைசிப் பூ. மாலை முழுக்க உள்ள போயிட்டுது. எங்களைக் கண்டு கிழவன் ஓடினது.

சேர் தூணுக்கு முன்னால நிண்டு வாசிச்சவர். ஒருக்கா வாசிச்சவர். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு, திரும்ப வாசிச்சவர். மிஸ் இப்ப தான் அந்த எழுத்தை முதல் தரம் காணுறா. என்னைப் பாக்கேல்லை. என்னைப் பாக்கிற அளவுக்கு அவவுக்குத் தெம்பு இருக்கேல்லை.

அந்த நேரம் பாத்து மங்கை அக்கா வாளியோட வந்தவ.

"ஐயா, அதுக்குக் கிட்ட நிக்காதேங்கோ. மாடு வந்தால் இடிச்சு விழுத்திப் போடும்."

சேர் தொண்டையைச் செருமினவர். "இவர்... ஆர் அம்மா?"

"தெரியாதே உங்களுக்கு? கொழும்பில பெரிய இடத்தில இருந்தவராம். இந்தத் தொட்டியை உடைக்கச் சொல்லி ஆரோ ஒரு அறிவுகெட்டது கட்டளை போட்டதாம் ஐயா. இந்தப் புண்ணியவான் தான் குறுக்க நிண்டு, மாட்டுக்குத் தண்ணியும் குடுங்கோ, கல்லும் குடுங்கோ எண்டவர்."

நான் அக்காவுக்கு "ஆரோ ஒருத்தர்" எண்டு தான் சொன்னனான். "அறிவுகெட்டது" அவவின்ர சொந்தச் சேர்மானம்.

சேர் சட்டைப் பையில மூண்டு பேனையையும் நேராக்கினவர். "எப்ப காலமானவர்?"

"கிட்டடியில தான் போல ஐயா. எழுத்தைப் பாத்துத் தான் எனக்கே தெரியும். மனம் கேக்கேல்லை, விளக்குக் கொளுத்தினனான். நல்ல ஆக்கள் கனகாலம் இருக்கமாட்டினம்."

மாடுகள் பனங்காணி ஓரத்தில வந்து, எங்களைக் கண்டு தயங்கி நிண்டிச்சுது. காயம்பட்ட கண்டு மட்டும் பொறுக்கமாட்டாமல் முன்னுக்கு வந்து தொட்டிக்குள்ள மூஞ்சையை வைச்சது. சேர் அதைப் பாத்தவர். கண்ணாடியை இன்னொருக்காக் கழட்டித் துடைச்சவர். சிரிக்கிறாரோ என்னவோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.

வாகனத்தடியில போய்த் தான் சொன்னவர். "தர்மினி, நிலையம் இஞ்சையே இருக்கட்டும்." ஏறிக் கதவைச் சாத்திப் போட்டு, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டவர். "தம்பி, அந்த 'அமரரையும்' 'ஞாபகார்த்தத்தையும்' மட்டும் அழிச்சு விடும். மிச்சம் நிக்கட்டும்."

அடுத்த நாள் பெயின்ற் அழிக்கிற தின்னரும் துணியும் கொண்டு போனனான். தூணில கை வைக்க முதல் மங்கை அக்கா குறுக்க வந்து நிண்டிட்டா.

"என்னடா செய்யப் போறாய்? செத்த மனுசன்ர பேரிலயே கை வைக்கிறாய்?"

"அக்கா, ஆள் சாகேல்லை. நேற்று வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தாரே, அவர் தான் இவர்."

அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தவ. தின்னர்ப் போத்திலைப் பறிச்சுத் தன்ர சேட்டுப் பைக்குள்ள வைச்சவ.

"போடா விசரா. அந்த ஐயா கல்லுக்கு முன்னால நிண்டு கண் கலங்கினதை நான் பாத்தனான். தனக்குத் தானே ஆரும் அழுவினமே?"